விருந்தாளிக் கறை

சென்னையில் புதிதாக அடுக்ககம் வாங்கிக் குடிபோகிறவர்கள், வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது குளியலறைக் கதவையும் திறந்து காட்டுவார்கள். நனைகிற பக்கத்தையும் நனையாத பக்கத்தையும் பிரித்துக்கொண்டு ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு ஒன்று அங்கே நிற்கும். நிற்பதே தெரியாது, யாராவது நெற்றியை முட்டிக்கொண்டால்தான் தெரியும். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்தக் கதவு சாத்தியே இருக்கும். உள்ளே கண்ணாடி இருப்பது இப்போது நன்றாகவே தெரிகிறது. மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள், இடையிடையே வட்ட வட்டமாகப் புள்ளிகள், இடுப்புக்குக் கீழே பால் வழிந்து காய்ந்தது போல ஒரு படலம்.

“இது அழுக்கு இல்லம்மா, தண்ணியோட குணம்” என்பார் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. அவருடைய தேய்க்கிற நாரும் சோப்புத் தூளும் அந்தப் படலத்திடம் தோற்று ரொம்ப நாளாகியிருக்கும்.

போகிற போக்கில் சொன்ன அந்த வார்த்தைக்குள் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கறை என்பது கூடவே பிறந்த குணமா, வெளியிலிருந்து வந்து ஒட்டியதா? வந்து ஒட்டியது என்றால் துடைத்தால் போக வேண்டும். குணம் என்றால் துடைக்கிற கைக்கு வேலையில்லை. கண்ணாடி என்ற இடத்தில் உயிர் என்றோ மனம் என்றோ போட்டுப் பார்த்தால், இதே வழக்கைத்தான் தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்திகளும் சீனத்துத் தியான மடங்களும் நூற்றாண்டுக் கணக்கில் நடத்தினார்கள்.

முதலில் கறையின் பிறப்பைப் பார்த்துவிடலாம். ஊரில் இதை உப்புக் கறை என்கிறார்கள். பெயரில் சின்னப் பிழை. சமையல் உப்பாக இருந்திருந்தால் அடுத்த சொம்புத் தண்ணீரில் கரைந்து போயிருக்கும். ஒட்டிக்கொண்டிருப்பது சுண்ணாம்பு, வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட். மழை கீழே இறங்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் போனால் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற அதே வாயு இன்னும் சேர்கிறது. அந்த மெல்லிய புளிப்போடு பாறைக்குள் புகும் நீர், வழியிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு போர் குழாய்க்கு வந்து சேர்கிறது. கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. கீசரில் சூடேறும்போதோ, கண்ணாடியில் துளியாக நின்று காயும்போதோ வாயு பறந்துவிடும். தூக்கி வந்த சுமையை இறக்கிவைக்க நீருக்கு வேறு வழியில்லை.

எவ்வளவு சுமை? குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று அளவு வைக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. 600 உள்ள தண்ணீரில் ஒருவர் குளிக்கிறார், கண்ணாடியில் நூறு மில்லி ஒட்டிக் காய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு குளியலுக்கு 60 மில்லிகிராம். இரண்டு பேர், முப்பது நாள் என்றால் மூன்றரை கிராமுக்கு மேல். ஒரு கவுளி வெற்றிலையில் கொஞ்சத்துக்காவது தடவிவிடலாம். சோப்பும் சும்மா இருப்பதில்லை. கடின நீரின் கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத திப்பியாக மாறி, சுண்ணாம்புக்குப் பசை போல உதவுகிறது.

ஆக, கறையைச் சுமந்து வந்தது கழுவ வந்த தண்ணீர். ஆன்மிகத்துக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. தலைமுழுகுவது முதல் குடமுழுக்கு வரை, தூய்மை என்றாலே நீர் என்று பழகிய பண்பாடு இது. இதே சுண்ணாம்பு வேறோர் இடத்தில் தெய்வமாகவும் ஆகியிருக்கிறது. ஆந்திரத்தில் அரக்குப் பள்ளத்தாக்கை ஒட்டிய போரா குகையில், கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் தரையில் வளர்த்துவைத்த சுண்ணாம்புத் தூணைச் சிவலிங்கமாக வணங்குகிறார்கள். குகையில் நடந்த வேதியியலும் குளியலறையில் நடக்கிற வேதியியலும் ஒன்றுதான். அங்கே கற்பூரம் காட்டுகிறார்கள், இங்கே ஆசிட் ஊற்றுகிறார்கள்.

மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் வெளியிட்ட ‘தூய்மையும் ஆபத்தும்’ என்ற நூலில் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். அழுக்கு என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் இருப்பதைத்தான் மனிதர்கள் அழுக்கு என்கிறார்கள் என்பது அதன் சாரம். வெற்றிலையில் சுண்ணாம்பு சுவை, சுவரில் வெள்ளை, கண்ணாடியில் கறை. விடை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடியைத் தேய்க்கிற கைக்கு அது போதவில்லை. குளித்து முடித்த நொடியிலும் அதே சுண்ணாம்பு அதே கண்ணாடியில்தான் இருக்கிறது. அப்போது அதைக் கறை என்று யாரும் சொல்வதில்லை. இடம் மாறவில்லை. நேரம்தான் கடந்திருக்கிறது.

சித்தாந்திகள் இந்த இடத்தில் நுட்பமாக ஒரு கோடு கிழித்தார்கள். உயிரைப் பற்றிய மலங்கள் மூன்று: ஆணவம், கன்மம், மாயை. இவற்றில் கன்மமும் மாயையும் ஆகந்துகம், அதாவது வந்து சேர்ந்தவை. வடமொழியில் விருந்தாளிக்கும் அதே சொல். ஆணவம் அப்படியல்ல, அது சகசம். உயிர் என்று ஒன்று இருக்கிற நாளிலிருந்து கூடவே இருப்பது. அதற்கு அவர்கள் காட்டும் உவமை செம்பும் களிம்பும். செம்பில் களிம்பு ஒருநாள் வந்து உட்கார்ந்ததாகச் சொல்ல முடியாது, செம்பு இருந்தால் களிம்பும் இருக்கும் என்பது அவர்கள் கட்சி. வீடுபேறு கிடைத்தாலும் ஆணவம் அழிந்துபோவதில்லை, அதன் வலிமை அடங்கிப்போகிறது என்று சொல்லுமளவுக்கு அதில் உறுதியாக இருந்தார்கள். பௌத்தம் நேரெதிர். பாலி மொழியின் அங்குத்தர நிகாயம், மனம் இயல்பில் ஒளியுடையது என்றும் அதன் மாசுகள் யாவும் வந்து சேர்ந்தவை என்றும் சொல்கிறது. அங்கேயும் சொல் அதே ‘ஆகந்துக’தான். ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் எல்லாக் கறையும் விருந்தாளி என்றார். மற்றவர் ஒரு கறை மட்டும் வீட்டுக்காரன் என்றார்.

சித்தாந்த மரபில் இதையொட்டி ஒரு கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் என்ற இளைஞர் மாணவர்களுக்கு ஆணவத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகமங்கள் எல்லாம் கற்றவர் என்று பேர் வாங்கிய அருணந்தி, அந்தக் குடும்பத்துக்கே குரு, அங்கே வந்து நிற்கிறார். தன்னைக் கண்டும் பையன் எழுந்திருக்கவில்லையே என்ற கோபம். ஆணவம் என்கிறாயே, அது எப்படி இருக்கும் என்று கேட்கிறார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அருணந்தியை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்து மாணவரானார் என்று கதை முடிகிறது. கறையைக் காட்டு என்று கேட்டவனுக்குக் கண்ணாடி நீட்டப்பட்டது, அதுவும் செலவில்லாமல்.

சீனத்துக் கதையில் நிஜமாகவே ஒரு கண்ணாடி வருகிறது. காஞ்சியிலிருந்து போனவர் என்று தமிழர்கள் உரிமை கொண்டாடும் போதிதருமரின் வரிசையில் ஐந்தாமவர் ஹோங்ரென். தன் வாரிசைத் தேர்ந்தெடுக்க மாணவர்களைச் செய்யுள் எழுதச் சொன்னார் என்கிறது ‘மேடைச் சூத்திரம்’. மூத்த மாணவர் ஷென்ஷியு, மனத்தைக் கண்ணாடியாக்கி, தூசு படியாமல் ஓயாது துடைக்க வேண்டும் என்ற பொருளில் சுவரில் எழுதினார். நெல் குத்தும் கொட்டிலில் வேலை செய்த, எழுத்தறியாத தெற்கத்தி விறகுவெட்டி ஹுய்நெங், எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பதில் எழுதவைத்தார். கண்ணாடியும் இல்லை, தாங்கியும் இல்லை, தூசு எங்கே போய்ப் படியும் என்பது அதன் போக்கு. வாரிசுரிமை அவருக்குப் போனது. ஷென்ஷியு மடத்தை விட்டுப் போய்ப் பல ஆண்டு கழிந்த பிறகே ஹுய்நெங் வந்திருக்க வேண்டும் என்பதால், இப்படியொரு போட்டி நடந்திருக்காது என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் கணக்கு. நடக்காவிட்டாலும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிலைத்த கதை. தோற்றுப்போன ஷென்ஷியு மேல் கொஞ்சம் இரக்கம் வருவது வீட்டு வேலை செய்கிறவர்களுக்குத்தான்.

அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அனேகமாக விட்டுவிடும் ஒரு தகவல் உண்டு. கதை நடக்கிற தாங் அரச மரபுக் காலத்துச் சீனாவில் முகம் பார்த்தது இன்றைய கண்ணாடியில் அல்ல, வெள்ளீயம் கூடுதலாகச் சேர்த்து வார்த்த வெண்கலத் தட்டில். தூசு தட்டினால் மட்டும் வெண்கலம் தெளியாது. காற்றும் ஈரமும் உலோகத்தோடு சேர்ந்து அதை மங்கவைக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவதையே தொழிலாகக் கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் சீனாவில் இருந்தார்கள். ஷென்ஷியுவின் கண்ணாடிக்குள்ளும் செம்பு இருந்தது. சித்தாந்தியின் களிம்பு அதில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம். இரண்டு தரப்பும் ஒரே உலோகத்தை வைத்துக்கொண்டுதான் வாதாடியிருக்கின்றன.

குளியலறைக் கண்ணாடி இந்த வழக்குக்குள் மூன்றாவது சாட்சியாக வருகிறது. இது சொல்வது அந்த இரண்டு பேருக்கும் முழுதாகப் பிடிக்காது. முதல் வாரத்துக் கறை சந்தேகமில்லாமல் ஆகந்துகம். ஈரத்துணி பட்டாலே பாதி போய்விடும். இரண்டாம் மாதத்துக் கறை புளிப்பு கேட்கும். வருடக் கணக்கில் விட்ட கறை வேறு விதம். நிலத்தடி நீரில் சுண்ணாம்போடு சிலிக்காவும் கரைந்திருக்கிறது. அது காய்ந்து படிந்தால் வினிகருக்கு அசையாது, ஏனென்றால் கண்ணாடியே பெரும்பாலும் சிலிக்காதான். இன்னொரு காரியமும் நடக்கிறது. கண்ணாடியில் திரும்பத் திரும்ப நீர் நின்று காயும்போது கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் மெல்ல வெளியே கசிகிறது. அந்த ஈரப்படலம் காரமாகிறது. காரம் கண்ணாடியின் மேற்பரப்பையே அரிக்கிறது. அதன் பிறகு கண்ணுக்குத் தெரிகிற வெண்மை கண்ணாடியின் மேல் இருப்பதல்ல, கண்ணாடியாகவே இருப்பது. விருந்தாளி பட்டாவில் பெயர் சேர்த்துவிட்டார்.

இதில் இரத்த சம்பந்தம் வேறு உண்டு. சன்னலுக்கும் ஷவர் தடுப்புக்கும் போடுகிற சாதாரணக் கண்ணாடி, மணலும் சோடாவும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்து உருக்கியது. அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கால்சியம் ஆக்சைடு. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையத் தொடங்கிவிடும். வெளியாள் என்று துரத்தப்படுகிற சுண்ணாம்பின் பங்காளி ஏற்கெனவே உள்ளே குடியிருக்கிறார்.

ஆகவே சகசமா, ஆகந்துகமா என்று கறையைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எத்தனை நாள் காய விட்டோம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தத்துவ நூல்கள் இந்தக் கேள்விக்குக் காலத்தைச் சாட்சியாக அழைக்கவில்லை. ஆணவம் அனாதி என்று ஒரு பக்கம் காலத்தைத் தாண்டிப்போனது. மனம் என்றும் தூயது என்று மறுபக்கமும் தாண்டிப்போனது. வந்தது எப்போது இருந்ததாக ஆகிறது என்ற இடைப்பட்ட கட்டம், எந்தக் கோபமும் எந்தக் குடிப்பழக்கமும் எந்தச் சாதிப் பெருமையும் ஒரு மனிதனில் கடந்து வருகிற கட்டம், இரண்டு பேர் கணக்கிலும் விழவில்லை.

அகற்றுவது எப்படி என்ற கேள்வியில் சித்தாந்தம் மீண்டும் கைகொடுக்கிறது. சீடனாகிவிட்ட அருணந்தி பிறகு ‘சிவஞான சித்தியார்’ எழுதினார். உடலும் கருவிகளும் மாயையிலிருந்து வந்த மலம் என்றால், இறைவன் மலத்தைக் கொண்டு மலத்தைக் கழுவுகிறான் என்பது எப்படிப் பொருந்தும் என்று அதில் ஒரு கேள்வி எழுகிறது. விடைக்கு அவர் ஆகமத்தைத் தேடிப் போகவில்லை, சலவைத் துறைக்குப் போனார். அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றி இன்னும் அழுக்காக்கி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் போக்குகிறானே வண்ணான், அப்படி என்றார். உவர்மண்ணில் இருப்பது காரம். துணியின் எண்ணெய்ப் பசையைக் கழற்றுவது அதுதான். தமிழ்த் தத்துவத்தின் மிகக் கடினமான முடிச்சு ஒன்று ஒரு சலவைத் தொழிலாளியின் கைப்பழக்கத்தால் அவிழ்க்கப்பட்டது. தத்துவ வகுப்புகளில் இதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம்.

துணிக்குக் காரம் என்றால் கண்ணாடிக்குப் புளிப்பு. வெள்ளை வினிகரும் வெந்நீரும் சரிபாதி, அல்லது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருகிற சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. கண்ணாடியில் தெளித்தால் மட்டும் போதாது, வழிந்துவிடும். பழைய பருத்தித் துணியை நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டவைத்துக் கால் மணி முதல் அரை மணி நேரம் விட வேண்டும். நுரை பொங்குவது கரியமில வாயு. எங்கோ மழையோடு இறங்கிப் பாறைக்குள் சிக்கிய அதே வாயு குளியலறைச் சன்னல் வழியாக மறுபடி வானத்துக்குப் போகிறது. பித்தளை விளக்குக்குக் கைகண்ட மருந்தான புளியை இங்கே கொண்டுவர வேண்டாம். நாரும் நிறமும் மிச்சமாகும். கழிவறைக்கு வாங்கிய ஆசிட் குரோமியம் பூசிய குழாயையும் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் தின்றுவிடும். தரை பளிங்காக இருந்தால் வினிகரே ஆகாது, ஏனென்றால் பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கறையைக் கரைப்பது தரையையும் கரைக்கும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது: எந்தப் புளிப்பையும் பிளீச்சிங் பவுடரோடோ பிளீச் திரவத்தோடோ கலக்கவே கூடாது. வெளிவருவது குளோரின், நச்சு வாயு.

அரிப்பு விழுந்த கண்ணாடிக்குச் சீரியம் ஆக்சைடு என்ற நுண்பொடியைக் குழைத்து இயந்திரத்தால் மெருகேற்றுவார்கள். கறையோடு கண்ணாடியிலும் ஒரு மெல்லிய தோல் போகும். ஆணவத்தை மட்டும் உரித்து உயிரை விட்டுவைக்கிற வித்தை அந்த இயந்திரத்துக்கும் தெரியாது.

வராமல் தடுப்பதற்கு வழி கேட்டால் இன்னொரு சலவைக்காரர் நினைவுக்கு வருகிறார், காஞ்சிபுரத்தவர். சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடும் திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் துணியை வெளுத்துத் தருவதையே தொண்டாகக் கொண்டவர். குளிர்நாள் ஒன்றில் மெலிந்த அடியார் ஒருவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். அன்று மாலைக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. தோய்த்தது என்னவோ நன்றாகவே நடந்தது. பிறகு பிடித்தது மழை. விடவேயில்லை. வெளுத்த துணி கையில் இருக்கிறது, காயவில்லை. சொன்ன சொல் போயிற்று என்று தொண்டர் துவைக்கிற கல்லில் தலையை மோதப் போக, கல்லிலிருந்தே ஒரு கை வந்து தடுத்தது. இந்தப் புராணத்தில் சிக்கல் அழுக்கில் இல்லை, காய்வதில் இருக்கிறது. கண்ணாடியிலும் அதுவே, ஆனால் தலைகீழாக: துணி காயாததுதான் அவர் துயரம், கண்ணாடி தானாகக் காய்வதுதான் இங்கே துயரம்.

ஆக, நீர் காய்வதற்கு முன்னால் அதை இறக்கிவிட வேண்டும். ரப்பர் விளிம்பு வைத்த வைப்பரால் மேலிருந்து கீழாக நாலைந்து இழுப்பு. அரை நிமிட வேலை. ஷென்ஷியுவின் கட்சி என்று இதைச் சொல்லலாம். நீரை ஒட்டவிடாமல் உருட்டிவிடும் பூச்சுகளும் விற்கிறார்கள். அவை தேயும், மறுபடி பூச வேண்டும். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்த காலத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. புளி பட்டுக் களிம்பு ஏறாமல் இருக்கத்தான் அந்த ஈயம், அதுவும் தேய்ந்து தேய்ந்து அவருக்குப் பிழைப்புக் கொடுத்தது. வீடு முழுவதற்கும் நீர் மென்மையாக்கி வைப்பவர்களும் உண்டு. அதற்குள்ளிருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவ வேண்டும். உப்புக் கறைக்கு உப்பே மருந்து என்றால் அருணந்தி சிரித்திருப்பார். இதற்கெல்லாம் முந்தைய வழி மழைநீரை நிலத்துக்குள் அனுப்புவது. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. மழை ஏறக்குறைய சுண்ணாம்பே இல்லாத நீர்.

அந்த அரை நிமிடத்தை யார் தருவது என்பதில்தான் வீடுகள் தடுமாறுகின்றன. குளித்தவர் துடைத்துவிட்டு வந்தால் விருந்தாளி உள்ளே நுழையவே முடியாது. ஆனால் அலுவலக வண்டி வந்துவிட்டது, பள்ளிக்கு நேரமாகிவிட்டது. காய்ந்த பிறகு வருகிறவர் வேலைக்கு வரும் அக்கா. அரை நிமிட வேலை அவர் கைக்கு அரை மணி நேர வேலையாகப் போய்ச் சேர்கிறது. மனக்கண்ணாடியைத் துடைக்கச் சொன்ன மடங்களில்கூட நெல் குத்த ஒருவர் இருந்தார்.

வடலூரில் வள்ளலார் 1872-இல் அமைத்த சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு நிறத் திரைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சக்தியைக் குறிக்கும். தைப்பூசத்தன்று அவற்றை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதியைக் காட்டுவார்கள். அங்கே யாரும் திரையைத் தேய்ப்பதில்லை. வேளச்சேரிப் பக்கத்துக் குளியலறை ஒன்றில், வினிகர் துணியை உரித்தெடுத்துவிட்டு முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் அக்காவும் ஏறக்குறைய அதே யோசனையைத்தான் சொல்வார்: “கண்ணாடிக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் ஸ்கிரீன் மாட்டியிருந்தீங்கன்னா, மாசத்துக்கு ஒருக்கா கழட்டி அலசிப் போட்டிருப்பேனேம்மா.” சொல்லிக்கொண்டே வைப்பரைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற கொக்கியில், குளிக்கிறவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டுவார்.